டிசம்பரில் டிராகன்ஸ்பெர்க் போய் வெறுங்கையோடு வந்தேன், டிரவுட்டுக்கு எந்த மாதம் சரி?

குன்னூரான்

எல்லோருக்கும் வணக்கம். ஜோகன்னஸ்பர்க் வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊரில் இருந்தபோது அவலாஞ்சியில் டிரவுட் மீன் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி, ஒரு தடவைகூட அங்கே தூண்டில் போட்டதில்லை. எனக்குத் தெரிந்த மீன்பிடி என்றால் தாத்தா ஊர்க் குளத்தில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு, தக்கை முங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். இங்கே கூட வேலை பார்ப்பவர் தன்னுடைய பழைய ஃப்ளை ராட் (பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை என்கிற போலி இரையை வீசும் தூண்டில்) ஒன்றைக் கொடுத்து, பூங்காப் புல்வெளியில் இரண்டு வாரம் வீசப் பழக்கிவிட்டார். அதோடு பிடித்தது பைத்தியம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு டிராகன்ஸ்பெர்க் மலையடியில் காம்பெர்க் பக்கம் போனோம், மோய் ஆறு. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினேன். தங்குமிடத்தில் முன்பதிவு செய்யும்போதே கேட்டேன், டிசம்பரில் மீன் கிடைக்குமா என்று. அருமையான சீசன் சார் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஆறு டீக்கடை டீ நிறத்தில் ஓடுகிறது. மணிக்கட்டு வரை கையை விட்டால் விரல் தெரியவில்லை. முதல் நாள் மதியம் இரண்டரை மணிக்கு மேல் ஆரம்பித்தது பாருங்கள் இடி, பையனைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினோம். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஆற்றை விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு பண்ணை டேமுக்குப் போனேன் (இங்கே குளம், ஏரி எல்லாமே டேம்தான், பழகிவிட்டது). விடியற்காலை ஐந்தரைக்கு வட்டம் வட்டமாக மீன் மேலே வந்து போகிறது. நான் குளிர்ந்த விரலால் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் டேம் செத்துப்போனது போல் ஒரு அசைவில்லை. மூன்று நாளில் எட்டு ஃப்ளை போனது, அதில் இரண்டு என் தொப்பியிலேயே குத்திக்கொண்டு இருக்கிறது.

கேள்வி இதுதான். எந்த மாதம் போகணும்? ஆறா டேமா? பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் என்னால் போக முடியும், அதாவது மார்ச் கடைசி அல்லது ஏப்ரல், ஜூன் ஜூலை, செப்டம்பர் கடைசி, டிசம்பர். இணையத்தில் படிப்பதெல்லாம் அமெரிக்காக்காரன் எழுதியது, ஜூன்தான் உச்சம் என்கிறான், அவனுக்கு ஜூன் கோடை என்பது எனக்குப் பாதி படித்த பிறகுதான் உறைத்தது.


மரிட்ஸ்பர்க் மாமா

தம்பி, உங்கள் மேல் தப்பில்லை, அறை காலியாக இருந்தால் எந்த மாதமும் அருமையான சீசன்தான் அவர்களுக்கு.

முதலில் ஒன்று, மாதத்தைக் கேட்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைக் கேளுங்கள். நான் இருபது வருஷமாகப் பையில் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறேன், சின்னது, மீன்தொட்டிக்கு வைப்பார்களே அந்த மாதிரி, நூலில் கட்டியது. வண்டியை விட்டு இறங்கியதும் ராடை எடுப்பதற்கு முன்னால் அதைத் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிஷம் விடுவேன். 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் முகத்தில் சிரிப்பு. 18 தாண்டினால் காலையில் மட்டும். 20 தாண்டிவிட்டால் ராடையே எடுப்பதில்லை, மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். காரணம் இருக்கிறது. 10 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்துவைத்திருக்கும், 20 டிகிரியில் 9தான், நீங்கள் போன உயரத்தில் அதுவும் குறையும். சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், கிடைப்பதோ கம்மி. அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி இழுத்து விளையாடிவிட்டு நீங்கள் நல்லவர் மாதிரி திரும்ப விட்டாலும் அது பத்து நிமிஷம் கழித்து வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கும். நீங்கள் பார்த்த டேமும் அதுதான். வெயில் பட்டதும் மேல்தண்ணீர் சூடாகிவிடும், மீன் கீழே குளிர்ந்த அடுக்குக்கு இறங்கிவிடும், மேலே மிதக்கும் நரம்பை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன வீசினாலும் அதன் தலைக்கு மேல் நாலு மீட்டரில் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது நிறம். முழங்கால் ஆழத்தில் நின்று உங்கள் பூட்ஸ் தெரிகிறதா பாருங்கள். பூட்ஸின் உருவம் மங்கலாகத் தெரிந்தால்கூடப் போதும், பிடிக்கலாம், உண்மையில் லேசான கலங்கல் நல்லது, மீனுக்குப் பயம் போய்விடும். தெரியவே இல்லையென்றால் மேலே ஏறுங்கள். மழை ஒரே மாதிரி எல்லா ஓடையிலும் பெய்வதில்லை. மலையடிவாரத்துப் புல்வெளியிலிருந்து வரும் ஓடை ஒரு நாள், இரண்டு நாளில் தெளிந்துவிடும், கீழே உழவு நிலத்தைத் தாண்டி வரும் ஆறு ஒரு வாரம் ஆனாலும் தெளியாது. நீங்கள் நின்ற இடத்திலிருந்து எந்தக் கிளை ஓடை கலங்கலைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று பார்த்து அதற்கு மேலே போயிருந்தால் ஒன்றிரண்டு கிடைத்திருக்கலாம். நீர்வளத் துறையின் தளத்தில் முக்கியமான ஆறுகளில் எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்று போடுகிறார்கள், கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைப் பாருங்கள், கோடு செங்குத்தாக ஏறியிருந்தால் பெட்ரோல் மிச்சம்.

சரி, மாதம் கேட்டீர்கள், சொல்கிறேன். இங்கே குவாசுலு நட்டால் மாகாணத்தில் ஆற்று டிரவுட்டுக்கு செப்டம்பர் 1 முதல் மே கடைசி வரைதான் அனுமதி. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆறு மூடல், மீன் முட்டையிடும் காலம். டேம் வருஷம் முழுக்கத் திறப்பு. செப்டம்பரில் ஆறு திறந்ததும் எல்லோரும் ஓடுவார்கள், ஆனால் மழை இன்னும் வந்திருக்காது, ஆறு எலும்பும் தோலுமாக இருக்கும், கண்ணாடி போன்ற தண்ணீரில் உங்கள் நிழல் பட்டாலே மீன் பறந்துவிடும். அக்டோபரில் முதல் மழை வந்து கொஞ்சம் தண்ணீர் ஏறினால் நன்றாக இருக்கும், நவம்பர் பாதி வரை. அப்புறம் டிசம்பர் கடைசி, ஜனவரி, பிப்ரவரி நீங்கள் பார்த்ததுதான்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அதுதான். மழை அடங்கும், ஆறு நிறைவாகவும் தெளிவாகவும் ஓடும், இரவில் குளிர் இறங்கும், பகலில் வெயில் இதமாக இருக்கும். கரையோரப் புல்லில் வெட்டுக்கிளி கொழுத்துக் கிடக்கும், மதியக் காற்றில் ஒன்றிரண்டு தண்ணீரில் விழும், பிரவுன் டிரவுட் அதற்காகவே கரை மடிப்புக்கு அடியில் காத்துக்கொண்டிருக்கும். முட்டையிடும் காலத்துக்கு முன்னால் நன்றாகச் சாப்பிட்டு வைத்துக்கொள்ளணும் அல்லவா. உங்கள் ஏப்ரல் விடுமுறை இதில் அழகாக உட்காருகிறது. மோய், புஷ்மன்ஸ், அண்டர்பெர்க் பக்கம் உம்சிம்குலு, எது வேண்டுமானாலும். உரிமம் ஈஸெம்வெலோவில் (மாகாண வனவிலங்கு அமைப்பு) வாங்கிக்கொள்ளுங்கள், அது தனி, பண்ணைக்காரருக்கோ கிளப்புக்கோ கட்டும் ஒருநாள் கட்டணம் தனி.

இன்னொன்று, இடி விஷயத்தில் ஓடியது மிகச் சரி. கார்பன் ராட் மின்னலுக்கு இடிதாங்கி மாதிரி. கோடையில் காலை ஐந்து முதல் பதினொன்று வரைதான் என் கணக்கு. மேற்கே மலை முகட்டில் காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்புவதைப் பார்த்தால் இன்னும் ஒரே ஒரு வீச்சு என்கிற பேச்சே கிடையாது.


டல்ஸ்ட்ரூம் குளிர்

மாமா சொன்னதில் ஆற்று விஷயம் சரி. ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறவருக்கு எதற்கு ஐந்து மணி நேரம்? டல்ஸ்ட்ரூம் இரண்டரை மணி நேரம்தான், 2000 மீட்டருக்கு மேல் உயரம், டேம்கள் கொட்டிக்கிடக்கின்றன. ஜூன் ஜூலை விடுமுறையில் வாருங்கள் ப்ரோ. தண்ணீர் 7, 8 டிகிரி, பெரிய ரெயின்போ டிரவுட் கரைக்கு வரும், இரண்டு கிலோ மூன்று கிலோ சாதாரணம். ஆலிவ் நிற வூலி பக்கர் என்கிற ஃப்ளை, இல்லையென்றால் தட்டானின் இளம்புழு மாதிரி கட்டிய ஃப்ளை, மெதுவாக, இன்னும் மெதுவாக இழுக்கணும், ஒரு கை அளவு இழுத்து ஐந்து எண்ணி மறுபடி இழுக்கணும்.

குளிர் மட்டும் தாங்கணும். காலை ஆறு மணிக்கு ராட் வளையத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், நரம்பு போகாது, வளையத்தை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதி உருக்கி வீசணும். உதட்டோடு ஒட்டிக்கொண்டால் பொறுப்பல்ல. ஒன்பதரைக்கு மேல் எழுந்து போனால் போதும், குளிர்காலத்தில் விடியற்காலை வீரம் வேண்டாம், மீனும் பதினொன்றுக்கு மேல்தான் சுறுசுறுப்பு.


மரிட்ஸ்பர்க் மாமா

டல்ஸ்ட்ரூம் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஜூன் ஜூலையில் கரைக்கு வரும் அந்தப் பெரிய மீன் எதற்கு வருகிறது? முட்டையிட ஓடும் தண்ணீரைத் தேடி வருகிறது. டேமில் ஓடை வந்து சேரும் வாயில் கருத்த ஆண் மீன்கள் கீழ்த்தாடை வளைந்துபோய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், அதன் நடுவில் ஃப்ளை போட்டுப் பிடிப்பது எனக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில் இலையை உருவுவது மாதிரி. குளிர்கால டேம் அருமை, நானும் போகிறேன், ஹைமோர் டேம் எனக்குக் கோயில் மாதிரி, ஏறக்குறைய 2000 மீட்டர், வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் போகணும், அதனாலேயே கூட்டமில்லை. ஆனால் ஓடை வாயை விட்டு நகர்ந்து ஆழமும் மேடும் சேரும் இடத்தில் நின்று பிடியுங்கள். இளம் மீன் வெள்ளிபோல் பளபளவென்று இருக்கும், அதுதான் சண்டை போடும்.


டல்ஸ்ட்ரூம் குளிர்

மாமா, எங்கள் பக்கம் டேமில் பெரும்பாலும் ஓடையே கிடையாது, குஞ்சு வாங்கி விடுகிறார்கள், இனப்பெருக்கமே நடக்காது. ஆனாலும் பந்தி உதாரணம் உறைக்கிறது, ஓடை இருக்கும் இடத்தில் இனி தள்ளியே நிற்கிறேன்.


குன்னூரான்

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி மாமா. வெப்பமானி நேற்றே வாங்கிவிட்டேன், பையன் அதைக் குளிர்பதனப் பெட்டி, குளியல் தொட்டி, மீன் குழம்புச் சட்டி என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்க்கிறான்.

செப்டம்பர் கடைசி விடுமுறையை மாமா அவ்வளவாகப் பரிந்துரைக்கவில்லை. அதில் வேறொரு சிக்கலும் உண்டு, புரட்டாசி. செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கினால் ஒரு மாதம் வீட்டில் மீன் வாசனையே கூடாது. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன், சாப்பிடவில்லையே என்றேன், சாமிக்கு விரதம் இருக்கும் மாதத்தில் ஒரு உயிரை முள்ளில் மாட்டி இழுத்து விளையாடுவது மட்டும் என்ன புண்ணியமா என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை.


டர்பன் தாத்தா

தம்பிக்கு ஆசீர்வாதம். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வாரக்கடைசிப் பள்ளியில் படித்த தமிழ், பேச்சில் இங்கிலீஷ்தான் அதிகம்.

புரட்டாசிக்கு உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரி. இங்கே டர்பனில் நாங்கள் நாலு தலைமுறையாகப் புரட்டாசி விடுவதில்லை. ராடை எண்ணெய் போட்டுத் துடைத்து மூலையில் வைத்துவிடுவேன். ஃப்ளை கட்டுவதற்கு அந்த மாதம் நல்லது, கை சும்மா இருக்காது. ஆறு செப்டம்பர் 1 திறக்கிறது, புரட்டாசிக்கு முன்னால் பதினைந்து நாள் இருக்கிறது, அது போதும் என்பான் என் தம்பி மகன்.

நான் டிரவுட் ஆள் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலைப் பக்கம் அந்த ஆறுகளெல்லாம் வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கு. எங்கள் அப்பா கடலில்தான், கப்பல் துறைச் சுவரில் உட்கார்ந்து ஷாட் மீன் பிடிப்பார், ஜூன் ஜூலையில் சார்டின் ஓடி வந்தால் வேலைக்குப் போகாமல் கூடையோடு கடற்கரைக்கு ஓடுவார்கள். நிறவெறி ஆட்சி மாறிய பிறகுதான் நான் முதல் தடவை டிராகன்ஸ்பெர்க் ஆற்றில் காலை வைத்தேன், அப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்புறம் படித்தேன், பிரவுன் டிரவுட் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாக வந்து 1890ல்தான் இந்த ஆறுகளில் விடப்பட்டதாம். எங்கள் ஆட்கள் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியது 1860 நவம்பர். ஆக டிரவுட் எங்களுக்கு முப்பது வருஷம் ஜூனியர், ஆனால் அதற்கு ஆற்றில் இடம் கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை! சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. டிசம்பரில்தான் விடுமுறை என்றால் டிரவுட்டை விடுங்கள், யெல்லோஃபிஷ் பிடியுங்கள். அது இந்த மண்ணின் மீன், கெண்டைக் குடும்பம், நம் ஊர் மகசீருக்குச் சொந்தக்காரன், பொன் நிறம், சூட்டைத் தாங்கும். இங்கே எங்கள் பக்கம் இருப்பதை ஸ்கேலி என்போம், உம்கோமாஸ், உம்சிம்குலு ஆறுகளின் கீழ்ப்பகுதியில். டிரவுட் மாதிரி நாசூக்கு இல்லை, கடித்ததும் வேகமான தண்ணீருக்குள் திரும்பி ஓடும், ஐந்தாம் எண் ராட் வளைந்து கையில் துடிக்கும், ரீல் கத்தும். ஆறு செங்கலங்கலாக இருந்தால் அதுவும் கிடைக்காது, ஆக இந்த ஆறுகளில் முதல் மழைக்கு முன்னால், இல்லையென்றால் மார்ச்சுக்கு மேல், டிசம்பரில் என்றால் தண்ணீர் தெளிவாக இருக்கும் இடமாகத் தேடணும்.

முதல் மழை என்றதும் ஞாபகம் வந்தது, ஈசல். அக்டோபர் நவம்பரில் நல்ல மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் மண்ணிலிருந்து ஈசல் புகைபோல் கிளம்பும், தண்ணீரில் விழுந்து சிறகு ஒட்டிக்கொண்டு சுற்றும். அன்றைக்கு எந்த மீனுக்கும் புத்தி இருக்காது. பழுப்பு நிறத்தில் ஈசல் மாதிரி நாலு ஃப்ளை எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். என் பாட்டி ஈசலை வறுத்து அரிசியோடு கொடுப்பாள், அதனால் மீனின் ஆசை எனக்குப் புரியும்.

பாம்பைப் பார்த்து நடங்கள். கோடையில் கரைப் பாறையில் பஃப் ஆடர் படுத்திருக்கும், மலையில் பெர்க் ஆடர். அது நகராது, நீங்கள்தான் மிதிப்பீர்கள்.


டல்ஸ்ட்ரூம் குளிர்

தாத்தா சொன்ன யெல்லோஃபிஷ்ஷுக்கு ஜோகன்னஸ்பர்க்காரர் டர்பன் வரை வரவேண்டாம். பாரீஸ் ஊர்ப் பக்கம் ஃபால் ஆறு இருக்கிறது, ஒன்றரை மணி நேரம். டிசம்பர் ஜனவரியில் இன்னும் ஒரு இடம், ஹாரிஸ்மித் பக்கம் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் டேம். எல்லா இடத்திலும் மழையில் தண்ணீர் கலங்கும்போது அது மட்டும் தெளிவாக இருக்கும். காரணம், அதற்குச் சொந்த நீர்ப்பிடிப்பு ரொம்பக் கம்மி, துகேலா ஆற்றுத் தண்ணீரை மலைமேல் பம்ப் செய்து நிரப்புகிறார்கள். கரையில் மேடான பாறையில் நின்றால் கீழே மீன் உலாத்துவது தெரியும், பின்னால் காற்று அடிக்கணும், புல்வெளியிலிருந்து வண்டைத் தண்ணீரில் தள்ளும், மீன் கரையோரமாக அதைப் பொறுக்கிக்கொண்டே வரும். நுரை ரப்பரில் கட்டிய கறுப்பு வண்டு ஒன்றை அதற்கு மூன்று மீட்டர் முன்னால் போட்டுவிட்டு அசையாமல் நிற்கணும். அது வந்து, பார்த்து, யோசித்து, வாயைத் திறக்கும்போது நீங்கள் பதறி ராடைத் தூக்குவீர்கள், எல்லோரும் முதல் பத்து மீனை அப்படித்தான் விடுகிறோம். வெயிலும் வேண்டும், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது.


மேசைமலை

கேப்டவுனிலிருந்து. மேலே எழுதியதையெல்லாம் யாராவது படித்துவிட்டு அப்படியே இங்கே வந்துவிடாதீர்கள், எங்கள் பக்கம் காலண்டர் தலைகீழ். அங்கே கோடை மழை, இங்கே குளிர்கால மழை. ஆறு திறப்பது மட்டும் அதே செப்டம்பர் 1 முதல் மே 31. செப்டம்பரில் மலையில் பனி உருகியும் மழையாலும் ஆறு வெறிகொண்டு ஓடும், ஜில்லென்று இருக்கும், கடக்கவே பயமாக இருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரைதான் உச்சம். ராசன்வில் பக்கத்து ஓடைகள், ஸ்மால்பிளார், எலண்ட்ஸ்பாட், ஹோல்ஸ்லூட். தண்ணீர் கலங்குவதே இல்லை, ஃபின்போஸ் செடிகளின் சாறு இறங்கி லேசாக டிகாக்ஷன் நிறம் இருக்கும், ஆனால் இரண்டு மீட்டர் ஆழத்தில் கூழாங்கல்லை எண்ணலாம். மீனும் உங்களை எண்ணும். மூன்றாம் எண் ராட், நுனி நரம்பு தலைமுடி மாதிரி, குனிந்து, முட்டி போட்டு, கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே வீசணும். நான் போன நவம்பரில் ஒரே மடுவில் ஒரு மணி நேரம் முட்டி போட்டிருந்தேன், எங்கள் அம்மா பார்த்திருந்தால் இந்த முட்டியைக் கோயிலில் போட்டிருக்கலாமே என்றிருப்பாள்.

ஜனவரி பாதி முதல் மார்ச் வரை ஆறு நூலாகிவிடும், மதியம் 20 டிகிரி தாண்டும், மாமா சொன்ன அதே விதி, ராடை மடித்துவிடுவோம். ஹோல்ஸ்லூட் மட்டும் மேலே டேமிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வருவதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இங்கே எதிர்முள் இல்லாத தூண்டில்முள்தான், பிடித்தால் விட்டுவிடணும், ஒரு நாளைக்கு ஒரு பகுதியில் இத்தனை பேர்தான் என்று கேப் பிஸ்கடோரியல் சொசைட்டியில் முன்பதிவு செய்யணும். 1931லிருந்து இருக்கிறது அந்தச் சங்கம்.

தாத்தா சொன்னதில் ஒன்று எனக்கும் உறுத்தல்தான். இந்த ஓடைகளில் ரெட்ஃபின் என்று விரல் நீள மீன் இருந்தது, வேறெங்கும் இல்லாதது, டிரவுட்டும் பாஸ் மீனும் வந்த இடங்களில் அதைத் தின்று தீர்த்துவிட்டன. அருவிக்கு மேலே, டிரவுட் ஏற முடியாத இடத்தில் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதனால் யாரும் ஆர்வக்கோளாறில் பிடித்த டிரவுட்டை வாளியில் தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஓடையில் விடாதீர்கள். வேடர் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை), பூட்ஸையும் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும்முன் காயவையுங்கள்.


குன்னூரான்

அக்கா, மாமா, தாத்தா, டல்ஸ்ட்ரூம், எல்லோருக்கும் ஒரு தகவல். ஏப்ரல் விடுமுறையில் போய்விட்டு நேற்றுதான் வந்தேன்.

அதே காம்பெர்க், அதே மோய். இறங்கியதும் பையன்தான் வெப்பமானியைப் போட்டான், காலை ஒன்பது மணிக்கு 12 டிகிரி. முழங்கால் ஆழத்தில் பூட்ஸ் மட்டுமல்ல, பூட்ஸ் கயிற்று முடிச்சே தெரிந்தது. டிசம்பரில் பார்த்த ஆறுதானா என்று சந்தேகம் வந்துவிட்டது, புல்லெல்லாம் வெளிர் பொன்னாகிவிட்டது, மலை முகடு கத்தியால் வெட்டினாற்போல். பதினொன்று வரை ஒன்றுமில்லை. மூன்று தடவை நிழல் ஓடியது மட்டும் பார்த்தேன், நான் நின்றுகொண்டு வீசியதுதான் தப்பு என்று அப்புறம் புரிந்தது. பிறகு மேசைமலை அக்கா சொன்ன மாதிரி முட்டி போட்டேன், பாறை குத்தியது.

பன்னிரண்டு மணிக்கு மேல் லேசாகக் காற்று எழுந்தது. ஆறு வளையும் இடத்தில் எதிர்க்கரை குடைந்து உள்ளே போயிருந்தது, மேலே புல் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் வெட்டுக்கிளி ஃப்ளை எதுவும் இல்லை, இருந்த ஒன்றைக் காலையிலேயே மரத்துக்குக் காணிக்கை கொடுத்தாயிற்று. அப்போதுதான் தொப்பியில் டிசம்பரிலிருந்து குத்திக்கொண்டிருந்த இரண்டில் ஒன்று மான்முடியில் கட்டிய டிடிடி என்று பையன் சொன்னான், இப்போதெல்லாம் என்னைவிட அவனுக்குத்தான் பெயர் தெரிகிறது. பிடுங்கிக் கட்டி வீசினேன், நல்ல வீச்சு இல்லை, புல்லில் பட்டு உருண்டு தண்ணீரில் பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் குழிந்தது போல் இருந்தது, அவ்வளவுதான், சத்தமில்லை. ஃப்ளையைக் காணோம். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், பையன் கத்துகிறான், தூக்கு தூக்கு என்று.

பிரவுன், என் ராடில் போட்டிருக்கும் கோட்டுக்கு 31 சென்டிமீட்டர். வயிறு வெண்ணெய் நிறம், பக்கத்தில் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிர் வளையம். கையை நனைத்துக்கொண்டு தண்ணீரிலேயே பிடித்து முள்ளை எடுத்தேன், கொஞ்ச நேரம் என் விரல் நடுவில் நின்று மூச்சுவிட்டுவிட்டு அதுவாகப் போய்விட்டது. சாயந்திரம் இன்னொன்று மாட்டி, கைவலை வரை வந்து கழன்றுவிட்டது. மூன்று நாளில் மொத்தம் நாலு.

வீட்டில் ஏன் கொண்டுவரவில்லை என்று கேள்வி. குழம்புக்கு வாங்கிய ஹேக் மீன் இருக்கிறது என்றேன்.

இன்னொரு கேள்வி, வேடர் இடது முழங்காலில் ஒழுகுகிறது, அந்தப் பாறை வேலை. எதை வைத்து ஒட்டுவது?


மரிட்ஸ்பர்க் மாமா

வாழ்த்துகள் தம்பி! ஒழுகும் இடம் தெரியவில்லையென்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, இருட்டு அறையில் டார்ச்சை உள்ளே விட்டுப் பாருங்கள், வெளிச்சம் ஊசிமுனை மாதிரி தெரியும். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அக்வாசீல் என்கிற பசை தடவி ஒரு ராத்திரி காயவிடுங்கள். பஞ்சர் ஒட்டும் பசை வேண்டாம், இரண்டு தடவை மடங்கினால் பிய்ந்துவிடும். மே மாதக் கடைசி வரை ஆறு திறந்திருக்கிறது, வார இறுதி ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள், நான் புஷ்மன்ஸ் பக்கம் வருகிறேன்.


டர்பன் தாத்தா

கூட ஒரு இடம் இருந்தால் நானும் வருகிறேன். முட்டி மட்டும் போடமாட்டேன்.